ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு மழைக்காடும்

"கைய உள்ள இழு அப்பத்தா! அறிவிருக்கா உனக்கு?"

அண்ணன் மகன் போட்ட சத்தத்தில் வேனுக்குள் பேச்சு நின்றுவிட்டது. வால்பாறை ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வரும் புதுத்தோட்டம் எஸ்டேட் வளைவு அது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த அம்மாவின் கையில் பாதி உரித்த ரஸ்தாளிப் பழம். சாலையோரச் சுவரில் ஒரு சோலைமந்தி, வயிற்றோடு குட்டியை ஒட்டவைத்துக்கொண்டு, பழத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, நுனியில் குஞ்சம் வைத்த வால். அம்மா ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுகையால்தான் பழத்தை நீட்டியிருந்தாள்.

அவளுக்கு வயது 68. பேரன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை. பழத்தை மடியில் வைத்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

விடுமுறை நாட்களில் ஆனைமலைக்குப் போய்ப் பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்களைப் பற்றியும், ஸ்பீக்கரை அலறவிட்டு ஆடுகிறவர்களைப் பற்றியும் நிறையவே எழுதியாகிவிட்டது. அவர்கள் செய்வது தவறு என்று அவர்களுக்கே தெரியும். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. எங்கள் வேனில் இருந்த ஏழு பேரில் மனசு மிக இளகியவள் அம்மா. காட்டுக்குக் கெடுதல் செய்ய இருந்தவளும் அவள்தான்.

ஆயுதபூஜை விடுமுறையில் மதுரையிலிருந்து பழநி, உடுமலை வழியாகக் கிளம்பியபோதே ஆளுக்கொரு காட்டை மனதில் வைத்திருந்தோம். அண்ணனுக்கு யானையாவது பார்த்தாக வேண்டும்; புலி கிடைத்தால் இன்னும் நல்லது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவன் மகனிடம் ஒரு பைனாகுலரும், பார்க்க வேண்டிய பறவைகளின் பட்டியலும் இருந்தன. மதினிக்கு அட்டை பயம். என் கணவருக்கு இரண்டு நாள் போன் அடிக்காத இடம் வேண்டும். பதினொரு வயது மகளுக்கு அருவி. அம்மாவுக்கு ஆனைமலை மாசாணியம்மன்.

ஆகவே முதலில் கோயில். நீட்டிப் படுத்திருக்கும் அந்த அம்மனிடம், அநியாயம் நடந்தால் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறவர்கள் இன்றும் வருகிறார்கள். அம்மாவுக்கு முறையிட எதுவும் இல்லை. அரைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முதுகைச் சற்று நேரம் தடவிக்கொடுத்தாள்; யார், என்ன என்று கேட்கவில்லை. கோயில் வாசலில் ஒரு சீப்பு ரஸ்தாளி வாங்கினாள். "காட்டுல வாயில்லா ஜீவன் ஏதாவது எதிர்ப்படும்" என்றாள்.

அதில் ஆச்சரியம் இல்லை. காக்காய்க்கு வைக்காமல் அவள் சோறு தின்றதில்லை. எறும்பு தின்னட்டும் என்று பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவாள். சின்ன வயதில் அழகர்கோவிலுக்கும் பழமுதிர்சோலைக்கும் போகும்போதெல்லாம் குரங்குக்கென்று கடலை வாங்கிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் கோயிலையும் சந்தையையும் ஒட்டியே பிழைத்துப் பழகிய நாட்டுக் குரங்குகளைப் பார்த்து வந்த அறிவு அது. அவற்றுக்குக்கூட நல்லதில்லை என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பைகளைத் துழாவி பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பழத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டாப்சிலிப்பில் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. அவன் மதுரையில் மரக்கடை வைத்திருப்பவன். மேலே வெட்டிய மரங்களைச் சரிவில் நழுவவிட்டுக் கீழே இறக்கிய இடம் என்பதால்தான் இந்த ஊருக்கே அந்தப் பெயர் என்று கேட்டதும், சரிவின் ஓரத்தில் போய் நின்று வெகுநேரம் கீழே பார்த்தான். எத்தனை கன அடி உருண்டிருக்கும் என்று அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரர்களின் கப்பலுக்கும் ரயில்பாதைக்கும் தேக்கு போய்ப் போய் மலை மொட்டையான காலத்தில் இங்கே வந்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. வேரோடு அழிக்காமல், வெட்டிய கட்டை மறுபடி துளிர்க்கும்படி விட்டு, காட்டைத் திரும்ப எழுப்பியவர். கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, சட்டைப்பையிலிருந்து தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று சொல்வார்கள். 1933இல் இறந்த அவருக்கு டாப்சிலிப்பை ஒட்டி, அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவேதான் கல்லறை. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். மரத்தை விற்றுப் பிழைக்கிறவன், மரத்தை நட்டவனுக்குச் செய்த மரியாதை அது.

அங்கிருந்து கரியன் சோலைக்குள் நடை. அம்மாவும் என் கணவரும் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்களை அழைத்துப் போனவர் காடர் இனத்தைச் சேர்ந்த வழிகாட்டி. அந்த மலையில் பல தலைமுறைகளாகத் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த சமூகம் அது. தேக்குக் காட்டை விட்டுச் சோலைக்குள் காலை வைத்த இடத்தில் வெளிச்சம் குறைந்தது, குளிர்ந்தது, மண்ணின் மணம் மாறியது. வரிசை என்பதே இல்லாமல் பெரியதும் சிறியதும் கொடியுமாக ஒன்றன்மேல் ஒன்று. ஒரு பெருமரத்தை அத்தி ஒன்று வேரால் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் பட்டையைத் தொட்டு, முகர்ந்து, "இது என்ன சாதி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். ஒவ்வொன்றுக்கும் வழிகாட்டி ஒரு பதில் வைத்திருந்தார். இதன் பழத்தை இருவாச்சி தின்னும். இதில் தேன் கட்டும். இதன் கொட்டையைக் கரடி விழுங்கும். ஒருமுறைகூட மரத்தின் வைரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அண்ணனோ வைரத்தைத் தவிர வேறு கேட்கவில்லை. இருவரும் ஒரே மரத்தின் இரண்டு பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார்கள். அப்படியும் ஒரு மணி நேரத்தில் சிநேகமாகிவிட்டார்கள். முள் முள்ளாய்ப் பலாப்பிஞ்சு போலக் கிடந்த ஒரு காயைக் குச்சியால் புரட்டி, "வெடிபலா" என்றார் அவர். "சோலைமந்திக்கு இதான் சோறு. பூவும் திங்கும், கொட்டையும் திங்கும். முன்னாடி பிளைவுட்டுக்குன்னு இதையும் வெட்டினாங்க." அண்ணன் அந்தக் காயைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிளைவுட் அவன் கடையில் மாடி நிறைய இருக்கிறது.

தலைக்கு மேலே எங்கோ ரயில் என்ஜின் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் வந்து கடந்து போனது. பெரிய இருவாச்சியின் இறக்கைச் சத்தம். இலைக் கூரைக்கு மேலே போனதால் யாரும் பார்க்க முடியவில்லை. அண்ணன் மகன் பட்டியலை நெஞ்சில் வைத்துக்கொண்டு அண்ணாந்தபடியே நின்றான். மரப்பொந்துக்குள் பெண்பறவை தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும், மூன்று நான்கு மாதம் ஆண்பறவைதான் ஒரு சிறு கீறல் வழியாக இரை ஊட்டும், ஆண் செத்தால் உள்ளே குஞ்சும் சாகும் என்று அவன் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்டேன். குரல் தழுதழுத்தது. இந்தப் பிள்ளைக்குக் காட்டின்மேல் இருப்பது உண்மையான பாசம். அதனால்தான் மறுநாள் அந்தச் சொல் அவன் வாயில் வந்தது.

மதினியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவருக்குக் காடு பிடிக்கவில்லை. கடைசிவரை பிடிக்கவும் இல்லை. வழிகாட்டி புகையிலைத் தூளைக் காலுறையில் தேய்த்துவிட்டும் பதினொரு அட்டைகள் ஏறின. கடிப்பது தெரியாது, விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது. உறைய விடாத பொருள் அட்டையின் எச்சிலில் இருக்கிறது. நம் மூச்சையும் சூட்டையும் காலடி அதிர்வையும் உணர்ந்து, இலை நுனியில் எழுந்து நின்று தேடும். இதையெல்லாம் மகன் விளக்க விளக்க மதினிக்கு இன்னும் குமட்டியது. வேனுக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? எல்லோரும் காட்டைக் காதலித்தாக வேண்டும் என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்லலாம். மதினி எதையும் பறிக்கவில்லை, எதையும் வீசவில்லை, எதையும் கூப்பிடவில்லை. பாதையை விட்டு ஓரடி விலகவில்லை. எங்களில் அந்தக் காட்டுக்கு மிகக் குறைவாகத் தொந்தரவு கொடுத்தவர் அவர்தான்.

மறுநாள் ஆழியாறு வழியாக மலையேறினோம். குரங்கு அருவியைக் கவியருவி என்று இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள். கவி என்றாலும் குரங்குதான். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில், லோம்ஸ் வியூ என்னும் இடத்தில், நம் மாநில விலங்கான வரையாடு ஒன்று பாறையில் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் செல்போன்கள். அதற்கு விலகிப் போக ஒரு பக்கம்தான் மிச்சமிருந்தது, அது பள்ளம்.

மேலே ஏறியதும் பச்சைக் கம்பளமாகத் தேயிலை. கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் அந்த அழகின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் அம்மா நீட்டிய பழத்தைப் புரிந்துகொள்ள முடியாது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மேட்டுநிலம் முழுவதும் ஒரு காலத்தில் கரியன் சோலை போன்ற மழைக்காடு. 1890களில் தொடங்கி அடுத்த சில பத்தாண்டுகளில் காப்பிக்கும் தேயிலைக்கும் அது வெட்டப்பட்டது. சமவெளியிலிருந்து அழைத்து வரப்பட்ட ஏழைத் தமிழர்கள் குளிரிலும் காய்ச்சலிலும் செத்துச் செத்து இந்தத் தோட்டங்களை உண்டாக்கினார்கள். சுற்றிலும் காடு, நடுவே தேயிலை, தேயிலைக்குள் அங்கங்கே தீவுகள் மாதிரி மிஞ்சிய சோலைத் துண்டுகள்.

அப்படி ஒரு துண்டுதான் புதுத்தோட்டம். நூறு ஹெக்டேர்கூட இல்லை. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, மொத்தமே 4,000 அளவில்தான் இருக்கும் சோலைமந்திகளில் ஒரு பெருங்கூட்டம் அதில் அடைபட்டிருக்கிறது. மரத்துக்கு மரம் தாவி, தரையே மிதிக்காமல் வாழப் பிறந்த விலங்கு அது. 1970களின் பிற்பாதியில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டப் போனபோது காட்டைக் காக்கக் கிளம்பியவர்களுக்கு அடையாளமாக நின்றது இந்தக் குரங்குதான். 1984இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவானது. இங்கே புதுத்தோட்டத்தில், நடுவே சாலை ஓடி மரக்கிளைகளின் தொடர்பை அறுத்துவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக அது கீழே இறங்கியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு வேன் நிற்கும், ஜன்னலிலிருந்து ஒரு கை பழம் நீட்டும். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் விழுந்த முதல் கோடாலியிலிருந்து ஒரு கோடு இழுத்தால் அது அம்மாவின் கையில் வந்து முடிகிறது.

அண்ணன் மகன் சொன்னது சரி. சொன்ன விதம் தவறு. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அவனை மட்டும் குறை சொல்லவும் மனமில்லை. சாலையோரப் பலகைகள் எல்லாம் அதே குரலில்தான் பேசுகின்றன. உணவளிக்காதீர், மீறினால் அபராதம். ஏன் என்று ஒரு வரி இல்லை. காலம் முழுக்கக் கொடுத்தே பழகிய ஒரு கையை, காரணம் சொல்லாமல் மடக்கச் சொன்னால், அது அதட்டலாகத்தான் போய்ச் சேரும்.

அன்று மாலை, தங்கியிருந்த எஸ்டேட் பக்கம் ஒரு உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது. யானை அருகில் இருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாரும் அவரது குழுவினரும் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து உண்டாக்கிய ஏற்பாடு இது. 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது இதற்காகத்தான். யானையைப் பார்த்தவர் செல்போனிலேயே விளக்கை ஏற்றலாம். ஊராருக்குக் குறுஞ்செய்தி போகும், உள்ளூர் கேபிள் டி.வி.யில் வரி ஓடும். தேயிலை பறித்துவிட்டு இருட்டில் லைன் வீட்டுக்கு நடந்து திரும்புகிறவர்களுக்கு அந்த விளக்கு உயிர்.

அண்ணன் துள்ளி எழுந்தான். "டிரைவர், வண்டிய எடுங்க. அந்தப் பக்கம்தான் நிக்குது."

பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்ற தேயிலை பறிக்கும் பெண் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தலையில் சாக்கைக் கொங்காடி போட்டிருந்தார், வேனின் பக்கம் வந்து அண்ணனிடம் சொன்னார்: "சார், நீங்க லைட்டு அடிச்சுப் பாத்துட்டு ஊருக்குப் போயிருவீங்க. அது கோவத்தோட இங்கதான் நிக்கும். காலையில அது முன்னாடி நாங்கதான் போகணும்."

அண்ணன் என்ஜினை அணைக்கச் சொன்னான். மூன்று நாளில் அவன் யானையைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாள் சொன்னதை மதுரைக்கு வந்த பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மூன்றாம் நாள் இறங்கும்போது, "அந்தக் குரங்கு இருந்த எடத்துல நிறுத்து" என்றாள் அம்மா. யாரும் மறுக்கவில்லை. பையில் மீதிச் சீப்பு அப்படியே இருந்தது.

வளைவில் சீருடையோடு ஒருவர் நின்று, வருகிற வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்தார். மந்திகள் சாலையைக் கடக்கும்போது அடிபடாமல் பார்ப்பதற்கென்றே நிறுத்தப்பட்ட காவலர். அம்மா இறங்கி அவரிடம் போனாள்.

"ஏய்யா, அது என்ன திங்கும்?"

"அத்தி, பலா, பூச்சி, வெடிபலாப் பூவு. நெறைய இருக்குங்கம்மா காட்டுல."

"வயித்துக்குப் பத்துமா?"

"பத்தும்மா."

"நான் ஒண்ணே ஒண்ணு குடுத்தா என்னய்யா ஆகும்?"

அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். பலகை போலப் பேசவில்லை. "நீங்க ஒண்ணு, பின்னாடி வர்றவங்க ஒண்ணு. அப்புறம் அது மரத்துல தேடப் போகாதும்மா, ரோட்டுலயே ஒக்காந்துரும். வண்டியில அடிபடும். குட்டி வயித்துல இருந்தா ரெண்டும் போயிரும். மிஞ்சினது லைன் வீட்டு ஓட்டப் பிரிச்சு சோத்துப் பானைக்கு வரும். ஜனங்க கல்லெடுப்பாங்க. ஜனங்களயும் குத்தம் சொல்ல முடியாது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. கடைசி எட்டு வருஷம் தீபாவளிக்குத் தீபாவளி ஜாங்கிரித் தட்டை அவர் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தவள் அவள். ஒளித்து வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுவாள், நான் பார்த்திருக்கிறேன்.

"இவங்க அப்பாவுக்கு நான் குடுக்காம இருந்தேனே," என்றாள் என்னைக் காட்டி. "அது மாதிரியாய்யா?"

காவலருக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் தலையை அசைத்தார்.

அம்மா சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள். "நீ சாப்பிடு. காலையில இருந்து நிக்கிறே."

அண்ணன் மகன் இதையெல்லாம் வேன் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மன்னிப்பு கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு இல்லை. கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிக்கொண்டு வந்தான். "கண்ணாடியக் கழட்டு அப்பத்தா" என்றான். அவள் முகத்தில் அதை வைத்து, சக்கரத்தைத் திருகி, சாலைக்கு மேலே காட்டினான்.

மேலே, இரண்டு பக்கத்து மரங்களுக்கும் இடையில், பழைய தீயணைப்புக் குழாயால் கட்டிய பாலம் ஒன்று தொங்கியது. நாங்கள் வரும்போது அது எங்கள் கண்ணில் படவே இல்லை. இந்த மந்திகள் மண்ணுக்கு இறங்காமல் கடக்கட்டும் என்று கட்டியது. பாலத்தின் நடுவில் ஒன்று வந்துகொண்டிருந்தது. பின்னால் இன்னொன்று. அதன் வயிற்றில் குட்டி.

"தெரியுதா அப்பத்தா?"

"பேசாம இரு. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

எங்களுக்குப் பின்னால் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டன. காவலர் ஒரு கையில் பழச் சீப்பும் மறுகையில் கொடியுமாக அவற்றை நிறுத்தி வைத்திருந்தார். மதினிகூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், காலை மட்டும் கீழே வைக்காமல்.

"பதினேழு" என்றாள் அம்மா. "இன்னும் ஒண்ணு அந்தக் கிளையில நிக்குது. வர பயந்துக்கிட்டு நிக்குது. பொறுங்க, அதுவும் போகட்டும்."

டிரைவர் என்ஜினை அணைத்தார்.